பெயர் சொல்லப்படாத நோயும் எழுதப்படாத மனிதனும்

யாழ்ப்பாணத்து நாளேடுகளில், ஆசிரியத் தலையங்கத்தைப் படியாதவரும் தவறாது படிக்கும் பக்கம் ஒன்றுண்டு. அது மரண அறிவித்தல்கள் வெளியாகும் பக்கம். அதற்கென ஒரு நடை உண்டு. நிலைத்துவிட்ட ஒரு கட்டுக்கோப்பும் உண்டு. இறந்தவர் எவ்வூரைப் பிறப்பிடமாகவும் எவ்வூரை வதிவிடமாகவும் கொண்டவர் என்பது முதலில் வரும். அவர் வகித்த உத்தியோகம் அடுத்து வரும். பின்னர், ‘பாசமிகு தந்தை’ என்ற தொடரை நோக்கிப் பிள்ளைகளின் பெயர்கள் அணிவகுத்து நிற்கும். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு நாட்டின் பெயர்: கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா. மருமக்கள், பேரப்பிள்ளைகள், தகனக்கிரியை நடைபெறும் மயானம் ஆகிய யாவும் அங்கே உண்டு. அம்மனிதர் எந்த நோயோடு எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது மட்டும் இராது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ஒட்டி அச்சிட்டு வழங்கப்படும் கல்வெட்டும் இவ்வழியே செல்கிறது. குலப்பெருமை, கல்விப்பெருமை, கோயில் திருப்பணி, பிள்ளைகளின் புலம்பல் என்று வெண்பாவும் விருத்தமும் வளர்ந்துகொண்டே போகும். நோய்க்கு அங்கே கிடைப்பது ‘காலன் கவர்ந்தான்’ என்ற பழைய உருவகம் ஒன்றே. ஒரு சமுதாயம் எதைச் சொல்கிறது என்பதைக் கொண்டு மட்டுமன்று, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைக் கொண்டும் அதனை அளவிடலாம். இந்த மௌனத்தை வெறும் நாகரிகம் என்றும், தனிமனிதனின் மானத்தைக் காக்கும் பண்பு என்றும் கூறி ஒதுக்கிவிட முடியுமா? முடியாது என்பதே நமது கருத்து. அதை நிறுவுவதற்கு ஒரு குறிப்பிட்ட நோயை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் அது ‘புறொஸ்ரேற்’. பாடநூலில் முன்னிற்குஞ் சுரப்பி. அச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோயையும், அந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற பின் ஒரு மனிதன் வாழவேண்டியிருக்கும் வாழ்வையுமே இங்கு ஆராய முற்படுகிறோம்.

* * *

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து, கொட்டைப்பாக்கைவிடச் சற்றே பருத்த ஒரு சுரப்பி ஆணின் உடலில் இருக்கிறது. விந்துப்பாயத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் தொழில். முதுமையில் இது பருத்து நீர்ப்போக்கைத் தடுப்பது பொதுவான நிகழ்ச்சி. அது புற்றுநோய் அன்று. ஆனால் சிலருக்கு இச்சுரப்பியில் புற்று உண்டாகிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. முற்றினால் எலும்புகளைச் சென்று பற்றுகிறது. முதுகு வலி என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்த முதியவர், முள்ளந்தண்டில் நோய் குடியேறிய பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது நம்மிடையே புதினமன்று.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். புற்றுநோய் என்றதும் மரணத்தை மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, இந்நோய் வேறொரு பாடம் கற்பிக்கிறது. பிரிட்டனில், நோய் சுரப்பியைவிட்டு வெளியே பரவுமுன் கண்டறியப்பட்ட 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவைச் சிகிச்சையும், ஒரு பிரிவினருக்குக் கதிர்ச்சிகிச்சையும், எஞ்சியோருக்குக் கண்காணிப்பும் அளித்து, சுமார் 15 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார்கள். 2023இல் அதன் முடிவுகள் வெளியாயின. எந்தப் பிரிவைச் சேர்ந்தவரானாலும், இந்நோயினால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. அதாவது, காலத்தில் கண்டறியப்பட்டவர்களுக்கு இது மரணத்தின் கதையாக அன்றி, பிழைத்திருத்தலின் கதையாகவே அமைகிறது. அப்படிப் பிழைத்தவன் எவ்வாறு வாழ்கிறான் என்பதுதான் கேள்வி.

அறுவைக்குப் பின்னர் பலருக்குச் சிறுநீரை அடக்கும் ஆற்றல் சில காலம் குன்றுகிறது. சிலருக்கு அது நிலைத்தும் விடுகிறது. சுரப்பியை ஒட்டிச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்படுவதால் உடலுறவுக்கு வேண்டிய விறைப்பு குறைகிறது அல்லது அற்றுப்போகிறது. கதிர்ச்சிகிச்சையும் தன் பங்குக்குக் குடலையும் சிறுநீர்ப்பையையும் துன்புறுத்துகிறது. நோய் பரவிய நிலையில் அளிக்கப்படும் ஓமோன் சிகிச்சை இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஆண்மைச் சுரப்பு நீரே இப்புற்றுக்கு உணவாகிறது என்பதை 1941இல் சிக்காகோவில் நிறுவியவர் சார்ள்ஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966இல் அவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. அந்த உணவை நிறுத்தினால் புற்று ஒடுங்கும். ஆனால் அதோடு தசை வலிமையும் எலும்பின் உறுதியும் இச்சையும் ஒடுங்குகின்றன. உடலெங்கும் திடீர் வெம்மை பரவி வியர்க்கிறது, மனம் சோர்கிறது, சிலருக்கு மார்பு பருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்கள் காலங்காலமாகப் பேசாமல் தாங்கிய துன்பங்கள் சிலவற்றை ஆண் முதன்முதலாக அறிந்துகொள்கிறான். அவனும் பேசுவதில்லை.

* * *

இவையெல்லாம் உடலின் விதிகள். இவற்றில் சமுதாயத்துக்கு என்ன இடம் என்று கேட்போர் இருக்கலாம். இரண்டு மனிதரை ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒருவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். மாதந்தோறும் பென்சன் வருகிறது. கொழும்பில் ஒரு மகனும் கடல் கடந்து இரு மக்களும் இருக்கிறார்கள். மற்றவர் பனையேறி வாழ்ந்தவர். அல்லது நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வரவேண்டிய கடற்றொழிலாளர். இருவருக்கும் ஒரே நோய், ஒரே படிநிலை.

ஆண்மைச் சுரப்பை நிறுத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி ஏற்றிக்கொள்வது ஒன்று. விதைகளை அறுவை செய்து அகற்றிவிடுவது மற்றொன்று. பலனில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஊசி விலை கூடியது; வாழ்நாள் முழுவதும் வேண்டியிருப்பது; ஆயினும் நிறுத்தினால் உடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீளக்கூடும். அறுவை மலிவானது, ஒரு நாளில் முடிவது, மீட்சியற்றது. வறிய நாடுகள் பலவற்றில் வறியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே ‘தெரிவு’ செய்கிறார்கள். கையில் காசுள்ளவனுக்குத்தான் தெரிவு. மற்றவனுக்கு அது தீர்ப்பு. அரசாங்க மருத்துவமனையில் மருத்துவம் இலவசம் என்பது நம் நாடு போராடிப் பெற்ற பேறு. அதைக் குறைத்து மதிப்பிட நாம் ஒருப்படோம். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தின்றி அலமாரிகள் வெறுமையான வேளையில், வெளியே காசு கொடுத்து வாங்கக்கூடியவர் யார், இயலாதவர் யார் என்பது வெளிச்சமாயிற்று. அந்நெருக்கடியில் மருத்துவர்களும் கூட்டங்கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். புலம்பெயர்வு பிள்ளைகளை மட்டும் கொண்டுபோகவில்லை.

கதிர்ச்சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் நீடிப்பது. பென்சனியருக்கு அது அலைச்சல். கூலி உழைப்பாளிக்கு அத்தனை நாளும் அடுப்பு எரியாமை. ஓமோன் சிகிச்சையால் தசை தளர்வது மேசையில் இருந்து எழுதியவருக்கு ஒரு குறை. மண்வெட்டி பிடித்து வெங்காயப் பாத்திக்கு இறைப்பவருக்கு அதுவே பிழைப்பின் முடிவு. வீட்டுக்குள்ளேயே குளியலறையும் மலசலகூடமும் உள்ளவர், இரவில் நான்கு முறை எழுவதைத் தொல்லை என்பார். கோடிப்புறத்தில், கிணற்றடிக்கும் அப்பால், இருட்டில் நடந்து போகவேண்டியவர் வழியிலேயே வேட்டியை நனைத்துக்கொள்கிறார். எலும்பு மெலிந்த காலத்தில் அந்த இருட்டில் தடுக்கி விழுந்தால் இடுப்பும் முறிகிறது. பின் மரணச் சான்றிதழ் எதைச் சொன்னாலும், அவரைக் கொன்றது நோய் மட்டுந்தானா?

* * *

யாழ்ப்பாணத்து நோயாளியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் பாதைகளின் வரலாற்றையும் எழுதியாக வேண்டும். நெடுங்காலம் புற்றுநோய்ச் சிகிச்சை என்றாலே மகரகம என்றுதான் நம்மவர் அறிந்திருந்தனர். ஆனால் 1990இல் கண்டி வீதி மூடுண்டபின், கொழும்புக்குப் போவது நோயைவிடப் பெரிய கண்டமாயிற்று. கிளாலிக் கடலேரியை இருளில் படகில் கடந்தவர்களுள் நோயாளரும் இருந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, கைத்தடியூன்றி நடந்த முதியவர்களின் உடலுக்குள் எந்தெந்த நோய்கள் உடன் நடந்தன என்பதை எவர் கணக்கெடுத்தார்? 2002இல் திறந்த வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி அடைபட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதிச் சீட்டு வேண்டிக் காத்திருந்த நாட்களில் புற்று காத்திருக்கவில்லை.

இன்று தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தவர்கள் திரட்டிய நிதியைக் கொண்டு எழுப்பப்பட்டு, 2013இல் திறக்கப்பட்டது அது. தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்து சேர்த்த காசு அது என்பதை நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஒரு நாட்டின் ஒரு பகுதியில் புற்றுநோய்க்கு மருத்துவமனை அமைய மக்கள் நடந்தே காசு திரட்டவேண்டியிருந்தது என்பதையும் அதனோடு சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

* * *

இனிப் புலம்பெயர்வுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் பொருளாதாரமே நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளியே போனவனின் காசில் நிற்பது. மலாயாவுக்குப் புகையிரத இலிகிதராகப் போனவர்கள் பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். பின்னர் கொழும்புக்குப் போனவர்கள் மணியோடர் அனுப்பினார்கள். 1983க்குப் பின் போனவர்கள் உண்டியலிலும் வங்கியிலும் அனுப்புகிறார்கள். முதல் இரு கூட்டத்தாருக்கும் மூன்றாவது கூட்டத்தாருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மலாயா பென்சனியர் முதுமையில் ஊருக்கு மீண்டார். அவரைப் பார்க்க வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். இன்றைய முதியவரோ ஊரில் இருக்கிறார், ஆட்கள்தாம் போய்விட்டார்கள்.

அனுப்பும் காசு ஒன்றுமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அக்காசால் தனியார் மருத்துவமனையில் அறை கிடைக்கிறது; ஊசி கிடைக்கிறது; வீட்டுக்குள் குளியலறை கட்டப்படுகிறது. ரெலிபோன் திரையில் மகனின் முகம் தெரிகிறது. ‘அப்பா, எப்பிடி இருக்கிறியள்?’ என்று அது கேட்கிறது. ‘எனக்கொரு குறையுமில்லை, தம்பி’ என்று தந்தை பதில் சொல்கிறார். அந்தத் திரையில் தெரிவது மார்புக்கு மேலே மட்டுமே. நனைந்த வேட்டி தெரிவதில்லை. காசு கடலைத் தாண்டும், கை தாண்டாது.

அப்படியானால் நனைந்த துணியைத் துவைப்பவர் யார்? இக்கேள்விக்கு நம் சமுதாய வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பதிலொன்று உண்டு. நேற்றுவரை துடக்குத் துணி எடுக்கவும் தீட்டைக் கழிக்கவும் பிறப்பாலேயே சிலரைக் குடிமைகளாகக் கட்டிவைத்திருந்தோம். ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டம் அந்த விலங்கை உடைத்தது, உடைந்தது நன்றே. ஆனால் உடைந்தபின் அந்த வேலையை யார் ஏற்றார்? ஆண்கள் பகிர்ந்துகொண்டார்களா? இல்லை. அது வீட்டுப் பெண்ணின் தலையில் இறங்கியது. தானும் எழுபதைத் தாண்டிய மனைவி கிணற்றில் நீரள்ளித் துவைக்கிறாள். மணமாகாத மகள் இருந்தால் அவள் துவைக்கிறாள். இருவரும் இல்லாவிடில் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட, போரில் கணவனை இழந்த ஒரு பெண் துவைக்கிறாள். அவளுடைய சொந்தத் தந்தையை யார் பார்க்கிறார் என்று கேட்பாரில்லை. எவருமற்றோருக்குக் கைதடி முதியோர் இல்லம் போன்ற இடங்களே தஞ்சம். ‘காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இன்று சிரிப்பதற்கும் குருத்தோலை ஊரில் இல்லை.

மனைவி படும் துன்பம் துவைப்பதோடு முடிவதில்லை. சிகிச்சைக்குப் பின் கணவன் ஏன் படுக்கையைத் தனியே மாற்றிக்கொண்டான், ஏன் சிடுசிடுக்கிறான், ஏன் நல்லூர்த் திருவிழாவுக்கு வர மறுக்கிறான் என்பதை எவரும் அவளுக்கு எடுத்துச் சொல்வதில்லை. மேலாடையின்றி வெள்ளை வேட்டியோடு சனக்கூட்டத்தில் மணிக்கணக்காக நிற்கவேண்டிய இடத்துக்கு, நீரை அடக்க இயலாதவன் எப்படிப் போவான்? ஊர் அவனைப் பக்தி குறைந்தவன் என்கிறது. உறவினர் மனம் பேதலித்தவன் என்கிறார்கள். கலியாண வீடு, செத்தவீடு, வாசிகசாலைத் திண்ணை ஒவ்வொன்றிலிருந்தும் அவன் பின்வாங்குகிறான். இதை நோய் செய்யவில்லை. நீர் கசிவது உடலின் குறை. அதை மானக்கேடாக்கியது நாம்.

* * *

கடலுக்கு அப்பால் போனவர்களுக்கும் முதுமை வந்துவிட்டது. 1980களில் இளைஞராய்ப் போய் நோர்வேயின் வடகரையில் மீன் பதனிடும் ஆலைகளிலும், பாரிசின் உணவகச் சமையற்கட்டுகளிலும், சுவிற்சர்லாந்தின் விடுதிகளிலும் நின்றே உழைத்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். இடம் மாறினால் நோயின் கணக்கும் மாறுகிறது. யப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரிடையே இப்புற்றுநோய் தாய்நாட்டில் இருந்ததைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. உணவும் வாழ்க்கைமுறையும் மாறுவதும், தேடிக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் பெருகுவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இங்கிலாந்தில் பொதுவாக ஆண்களுள் எண்மரில் ஒருவருக்கும், கறுப்பினத்தவருள் நால்வரில் ஒருவருக்கும், ஆசியருள் பதின்மூவரில் ஒருவருக்கும் வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படுகிறது. ‘நமக்குக் குறைவுதானே’ என்று ஆறுதலடையலாம். ஆனால் பதின்மூவரில் ஒருவன் என்பது ஒரு கோயில் பந்தியில் ஒரு வரிசைக்கு ஒருவன்.

அங்கே மருத்துவம் சிறந்தது. மருத்துவரின் மொழி வேறு. முப்பது ஆண்டு அந்நாட்டில் உழைத்தும், பாத்திரம் கழுவத் தேவையான சொற்களுக்கு மேல் கற்க அவகாசம் பெறாதவர் பலர். மொழிபெயர்க்க மகளை அழைத்துச் செல்கிறார்கள். ‘உங்கள் தந்தைக்கு விறைப்பு எப்படி இருக்கிறது?’ என்று மருத்துவர் கேட்கிறார். இருபது வயது மகள் அதைத் தந்தையிடம் எந்தத் தமிழில் கேட்பாள்? அவள் கேட்பதில்லை. ‘ஓம், சுகமாக இருக்கிறார்’ என்று தானே பதில் சொல்லிவிடுகிறாள். சிகிச்சைக் குறிப்பில் ‘குறையேதுமில்லை’ என்று பதிவாகிறது. பிள்ளைகளோடு சிலகாலம் வாழ வரும் தந்தையின் நிலை வேறு வகையானது. 2011 இறுதி முதல் கனடா வழங்கிவரும் ‘சூப்பர் விசா’வுக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி கட்டாயம், முன்பே உள்ள நோய் என்றால் காப்புறுதி விலகி நிற்கும் அல்லது விலையேறும். பேரப்பிள்ளையைக் காண வேண்டுமானால் நோயை மறைக்க வேண்டும். நோயைச் சொன்னால் பேரப்பிள்ளையை ரெலிபோனில்தான் காணவேண்டும்.

* * *

இந்த மனிதனை நமது இலக்கியம் எவ்வாறு கண்டது? விமர்சகர் என்ற முறையில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஈழத்து முற்போக்கு இலக்கியம் செய்த பணி பெரிது. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தபோது, கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் மறுக்கப்பட்ட மனிதன் தமிழ் நாவலின் நடுவே வந்து நின்றான். 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’ அம்மனிதனுக்கு மேடையாயிற்று. ஆனால் நாம் கொண்டாடிய உழைப்பாளிக்கு உயர்த்திய கை இருந்தது, உடல் இருந்ததா? அவன் பசித்தான், அடிபட்டான், போராடினான், செத்தான். அவன் முதுமையடையவில்லை, அவனுக்கு நீர்க்கடுப்பு வரவில்லை. உடலைப் பேசியவர்களை நாம் ஐயத்தோடு நோக்கினோம். எஸ். பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து ‘நற்போக்கு’ என்று தனிக்கொடி பிடித்தவர். அவரோடு நமக்குள்ள பிணக்குகள் பல. அவற்றில் சில இன்னும் தீரவில்லை. ஆயினும் ‘சடங்கு’ நாவலை இன்று திரும்பப் படிக்கையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் ஒருவன், மனைவியோடு தனித்திருக்க ஏங்கி ஊருக்கு வந்தும், வீட்டுக் கருமங்களின் நடுவே அது வாய்க்காமலே திரும்பிச் செல்லும் கதை அது. ஆபாசம் என்று அதைப் புறந்தள்ளியோர் உண்டு. ஆனால் உத்தியோகத்துக்காகக் குடும்பத்தைப் பிரிக்கும் ஒரு பொருளாதாரம் மனிதனின் படுக்கையறை வரை எவ்வாறு நுழைகிறது என்பதைக் காட்டியதில், அது நம்மிற் பலர் எழுதிய கதைகளைவிடச் சமுதாயப் பார்வை கூடியது. பொன்னுத்துரையும் பின்னாளில் புலம்பெயர்ந்தார். 2014இல் சிட்னியில் மறைந்தார்.

உலக இலக்கியம் இத்துறையில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. டால்ஸ்டாயின் இவான் இலியிச் படும் வேதனைகளுள் கொடியது நோவன்று. சூழ நின்றவர்கள் யாவரும் சேர்ந்து காக்கும் பொய். அவனிடம் பொய் பேசாதவன், அருவருப்பின்றி அவனுடைய மலசலத்தை அகற்றும் கிராமத்துப் பணியாள் கெராசிம் ஒருவனே. 1886இல் வெளியான அக்கதையில் டால்ஸ்டாய் பார்த்த உண்மை, யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் நாம் டால்ஸ்டாயையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கெராசிமின் தந்தை நோயுற்றால் அவரைத் தூக்குவது யார்? சோல்செனித்சினின் ‘புற்றுநோய் விடுதி’யில் கொஸ்தகுளோத்தவ் என்ற நாடுகடத்தப்பட்டவன், தன் புற்றுக்கு ஏற்றப்படும் ஓமோன் ஊசி தன் ஆண்மையைப் பறித்துவிடும் என்று அறிந்து, உயிருக்காக எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று தன்னையே கேட்கிறான். அந்த எழுத்தாளரின் அரசியலோடு நமக்கு உடன்பாடில்லை என்பது வேறு. ஆனால் அக்கேள்வியைத் தெல்லிப்பழை விறாந்தையில் வரிசையில் அமர்ந்திருக்கும் பலர் தமக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பக்கமும் விடை சொல்லவில்லை.

சொல் இல்லை என்று கூறித் தப்பவும் நமக்கு வழியில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று நூல்களை ஆக்குவித்தார். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் நாணமின்றித் தமிழ்ப் பெயர் வைத்த மண் இது. நூற்றைம்பது ஆண்டுக்குப் பின், அந்த மண்ணின் மகன் மருத்துவரிடம் ‘கீழே கொஞ்சம் சுகமில்லை’ என்று தலை கவிழ்கிறான்.

* * *

இறுதியாக, ‘இது ஒருவனின் அந்தரங்கம், இதைப் பொதுவெளிக்கு இழுக்கலாமா?’ என்ற ஆட்சேபத்துக்கு விடையிறுப்போம். எந்தத் தனிமனிதனும் தன் நோயைப் பறைசாற்ற வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. சொல்லாதிருக்கும் உரிமை அவனுக்குண்டு. ஆனால் நம்மிடையே நிலவும் மௌனம் நோயாளி தேர்ந்தெடுத்தது அன்று. பெரும்பாலும் குடும்பம் அவன்மேல் சுமத்துவது. மருத்துவர் மகனிடம் சொல்கிறார். மகன் தந்தையிடம் மறைக்கிறான். தந்தை ஊரிடம் மறைக்கிறார். பேத்திக்குக் கலியாணம் பேசும்போது ‘பரம்பரையில் நோய்’ என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

பரம்பரை என்ற அந்தச் சொல்லில்தான் பெரிய முரண் கிடக்கிறது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால், ஒருவனுக்கு அது வரக்கூடிய வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. எனவே ஐம்பதை நெருங்கும் மகன் தன் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதற் செய்தியே தந்தையின் நோய்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள நான்கு மக்களைக் காக்கக்கூடிய அச்செய்தியை, அவர்களின் கலியாணத்தையும் கௌரவத்தையும் காப்பதாக எண்ணி நாம் புதைத்துவிடுகிறோம். மருத்துவர் ‘குடும்பத்தில் யாருக்காவது?’ என்று கேட்கையில், அவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. இடுப்புக்குழித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி நீர் கசிவைக் குறைக்கும். அதற்குக் காசு வேண்டாம். கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். எளிய தமிழில் எழுதிய ஒரு சிறு நூல் ஒவ்வொரு வாசிகசாலையிலும் கிடைக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவனையும் அவன் மனைவியையும் ஒருங்கே இருத்தி, இனி வரப்போவது இதுவென எடுத்துரைக்கும் ஊழியர் மருத்துவமனைகளில் வேண்டும். பராமரிக்கும் பெண்ணின் உழைப்புக்கு நியாயமான ஊதியமும் ஓய்வும் வேண்டும். இவற்றை அரசிடம் உரிமையாகக் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் பாயைச் சுருட்டவும் துணி துவைக்கவும் பழக்க வேண்டும். ஆசிரியர்களே, உடற்றொழிலியல் பாடத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மாணவர்களே, வீட்டுத் திண்ணையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம் ஒரு நாள் அருகிருந்து கேளுங்கள். எழுத்தாளர்களே, அவரை எழுதுங்கள்.

நாளை காலையும் பத்திரிகை வரும். அதில் ஓர் அறிவித்தல் இருக்கும். பிறப்பிடம், வதிவிடம், உத்தியோகம், நான்கு பிள்ளைகள், நான்கு நாடுகள். அந்த நால்வரும் விமானச் சீட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். தந்தைக்கு என்ன நோய் என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருப்பார்களா?